நகல் எடுத்த நத்தை

சுளகில் கல் உப்பைப் போட்டு யாரோ மெல்லப் புடைக்கிற மாதிரி அந்தச் சத்தம் கேட்டது. விளக்கை அணைத்துப் படுத்துக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. டெல்பின் முதலில் எலி என்று நினைத்தாள், பிறகு கரையான் என்று நினைத்தாள், பிறகு, புருஷன் கப்பலில் இருக்கிற வீட்டில் சின்னப் பிள்ளையோடு தனியாகப் படுத்திருக்கிற எந்தப் பெண்ணும் நினைப்பதையே நினைத்து, மூச்சை அடக்கிக்கொண்டு மகள் ஜோவிதாவை வயிற்றோடு சேர்த்து இறுக்கிக்கொண்டாள். சத்தம் பீரோவிலிருந்து இறங்கியது, சிமெண்டுத் தரையில் நடந்தது, கட்டில்காலைச் சுற்றிக்கொண்டு வாசல் பக்கம் போனது, தாழ்ப்பாள் போட்ட கதவின் அடியில் நின்று சுரண்டத் தொடங்கியது.

மாதாவே மாதாவே என்று உதட்டுக்குள் சொல்லிக்கொண்டே செல்போன் வெளிச்சத்தைத் தரையில் அடித்தாள். எழுத்துகள். கறுப்பாக, மிளகளவு, வரிசை கலையாமல் போய்க்கொண்டிருந்தன. முன்னால் ஒரு 'ந' போக, அதன் முதுகைத் தொட்டுக்கொண்டு 'த்' போக, பின்னால் 'தை' தன் கொம்பை நீட்டிக்கொண்டு போக, அதற்குப் பின்னால் ஒரு பாடம் முழுக்க, கமா முற்றுப்புள்ளி உட்பட, பள்ளிக்கூடப் பிள்ளைகள் திருப்பலிக்குப் போகிற மாதிரி போய்க்கொண்டிருந்தது. பீரோவில் ஜோவிதாவுக்காக ஒட்டி வைத்திருந்த ஜெராக்ஸ் தாள்கள் வெள்ளைவெளேரென்று இருந்தன. தாள்களின் அடியில் டெல்பின் பால்பாயிண்ட் பேனாவால் எழுதிய வரி மட்டும் அசையாமல் நின்றது. நத்தைப் படமும் இன்னும் இருந்தது. அது நத்தை அல்லவா, புறப்பட்டுக் கதவை எட்ட அதற்கு மறுநாள் இரவு வரை ஆயிற்று.

அவள் அலறவில்லை. கன்னியர் மடத்தில் ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்தவர்கள் அலறமாட்டார்கள். முழங்கால் படியிட்டு ஒரு அருள் நிறைந்த மரியே சொன்னாள், பிறகு உட்கார்ந்து யோசித்தாள், யோசித்தபோது அந்த எழுத்துகள் எங்கே போகின்றன என்பதும் ஏன் போகின்றன என்பதும் அவளுக்குத் தெரிந்துவிட்டது.

வெள்ளைமணல்துறையில் பாதிப் பேருக்கு உப்பளத்தில் வேலை, மீதிப் பேருக்குக் கடலில் வேலை, இரண்டும் இல்லாதவர்களின் பிள்ளைகளும் சேர்ந்து படிக்கிற பள்ளிக்கூடம் கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடம். அங்கே ஜூன் பிறந்ததும் பிள்ளைகளுக்கு முன்னால் புத்தகச் செட் வந்து இறங்கும். அட்டையில் குத்துவிளக்குப் படம் போட்டிருப்பதால் ஊர் அதை விளக்குக் கம்பெனி செட் என்று சொல்லும். கம்பெனிக்கு வேறு பெயர் இருந்தது, அந்தப் பெயரை யாரும் சொல்வதில்லை. செட்டைப் பிரித்து விற்கமாட்டார்கள். தமிழ் வாசிப்பு நூல் மட்டும் வேண்டுமென்றால் கிடையாது, ஓவியப் புத்தகமும் ஒழுக்கப் புத்தகமும் பொதுஅறிவுப் புத்தகமும் சேர்த்துத்தான் வாங்க வேண்டும். மழை முந்திக்கொண்டு உப்பைக் கரைத்துப்போட்ட அந்த வருஷம் டெல்பின் பாடம் நடத்திய இரண்டாம் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் கையில் செட் இல்லை. வெறும் மேசையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்தில் இருக்கிறவள் புத்தகத்தை எட்டிப் பார்த்தால், அவள் முழங்கையை வைத்து மறைத்தாள். ஏழு வயதில் முழங்கையை வைத்து மறைக்கப் பழகிவிட்டாள்!

அதைப் பார்க்கப் பொறுக்காமல்தான் டெல்பின் அந்த நத்தைப் பாடத்தை, அது ஒன்றை மட்டும், தெருமுனைக் கடையில் கொடுத்து இல்லாத பிள்ளைகளுக்கு நகல் எடுத்தாள். மழைக்குப் பயந்து வீட்டை முதுகில் கட்டிக்கொண்ட ஒரு நத்தை, அந்த வீட்டுக்குள் யாரை விடலாம் யாரை விடக்கூடாது என்று யோசிக்கிற கதை. எடுத்ததோடு நின்றிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. ஆனால் அவள் மடத்தில் படித்தவள். 'எடுத்தால் சொல்லிவிட்டு எடு' என்று மூன்றாம் வகுப்பில் கையை நீட்டச் சொல்லி அடித்துப் பதிய வைத்த பாடம் அது. ஒவ்வொரு தாளின் அடியிலும், இன்ன கம்பெனியின் இன்ன நூல், இன்ன பாடம், இரண்டாம் வகுப்பில் நடத்துவதற்காக என்று முத்து முத்தாக எழுதினாள். கதையை எழுதியவர் பெயரையும் போடவேண்டும் என்று முன்னட்டை பின்னட்டை எல்லாம் தேடினாள். கிடைக்கவில்லை. 'ஆசிரியர் குழு' என்று மட்டும் இருந்தது. கம்பெனியின் பெயர்தான் பக்கத்துக்குப் பக்கம் இருந்தது.

அப்படி எழுதிய தாள் ஒன்று பேருந்து நிலையத்தில் கடலைப் பொட்டலமாகி, பொட்டலம் விளக்குக் கம்பெனியின் பிரதிநிதி கோதண்டராமன் கைக்குப் போய்ச் சேர்ந்தது. கடலையைத் தின்று முடித்துவிட்டுத் தாளைப் பிரித்து வாசித்தவர், அடி வரியை வாசித்தவர், நேரே மடத்துக்குப் போனார். மறுநாள் காலை ஜெபத்துக்குப் பிறகு தலைமை ஆசிரியை சிஸ்டர் எவாஞ்சலின் சுற்றறிக்கை வாசித்தார். கம்பெனிப் புத்தகத்தில் ஒரு பக்கத்தை நகல் எடுத்தாலும் அது திருட்டு. திருட்டு என்ற சொல்லை அவர் இரண்டு தடவை சொன்னார். டெல்பின் பிள்ளைகளின் வரிசைக்குப் பின்னால் நின்றுகொண்டு தன் செருப்பைப் பார்த்தாள்.

அன்று இரவுதான் எழுத்துகள் புறப்பட்டன. எழுத்துகளுக்கு எழுதியதை நம்பித்தான் பழக்கம். தாங்கள் திருட்டுப் பொருள் என்று எழுதியிருக்கிறது என்றதும், முகவரியும் அடியிலேயே இருக்கிறது என்றதும், சொந்தக்காரரிடம் திரும்பப் புறப்பட்டுவிட்டன. அவையும் மடத்தில் படித்தவை போலத்தான், வரிசையில் போகும், ஏன் என்று கேட்காது.

விடிந்தபோது டெல்பின் வீட்டில் மட்டுமல்ல, நகல் வாங்கிய ஒவ்வொரு பிள்ளை வீட்டிலிருந்தும் தெருவுக்கு ஒரு கறுப்புக் கோடு போயிருந்தது. மற்ற வகுப்பு டீச்சர்களும் டெல்பினைப் பார்த்து அடியில் பெயர் எழுதியவர்கள், அவர்கள் கொடுத்த வாய்ப்பாடும், வாழைமரத்தின் பாகங்களும், பருவகாலங்களும் சேர்ந்து போயிருந்தன. எதிர்வீட்டில் தோசைமாவு விற்கிற சந்தனமாரி தூக்குவாளியைக் கொண்டுவந்து டெல்பின் முன்னால் வைத்தாள்.

"ஏ டீச்சரம்மா, இது என்னன்னு பாருங்க. ராத்திரி ஆட்டி வச்ச மாவுல 'க்' விழுந்து கெடக்கு. புள்ளி வேற தனியா மெதக்கு. இத வித்தா பாவமா?"

"அக்கா, எனக்கு என்ன தெரியும்."

"ஒங்களுக்குத் தெரியாம யாருக்குத் தெரியும்? எழுத்து ஒங்க டிப்பாட்மெண்டுல்லா?"

அன்று அந்த மாவில் சுட்ட இட்லியைத் தின்றவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, விக்கல் மட்டும் வந்தது. கோழிகள் எழுத்துகளைக் கொத்திப் பார்த்துத் துப்பின. எறும்புக்குக் கிழிக்கிற சாக்குக்கட்டி கடையில் தீர்ந்துபோனது, கோடு கிழித்துப் பார்த்தார்கள், எழுத்துகள் கோட்டின் மேலேயே ஏறி நின்று இன்னும் நேராகப் போயின. மூன்று இரவுக்குள் ஊருக்குப் பழகிவிட்டது. ஊருக்கு எதுதான் பழகாது? உப்பளத்துக்குப் போகிற பெண்கள் கோட்டை மிதிக்காமல் தாண்டிப் போகப் பழகினார்கள். மூதாட்டிகள் சிலர் சாம்பல் புதனன்று பூசுவதுபோல் எழுத்தைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டார்கள். பேருந்து நிலையத்தில் விளக்குக் கம்பெனிப் புத்தகங்களை முழுசு முழுசாக நகலெடுத்து, அட்டை போட்டு, பாதி விலைக்கு விற்கிற ஒருவன் இருந்தான். அவன் கடையில் ஒரு கமாகூட அசையவில்லை. அவன் எந்தப் பெயரையும் எழுதி வைக்கவில்லை, எழுதாததால் அவனுடைய எழுத்துகளுக்கு எங்கே திரும்புவது என்று தெரியவில்லை. அவனிடம் போய்க் கோதண்டராமன் டீ குடித்தார். சொல்லிவிட்டு எடுத்தவர்கள் வீட்டுத் தாள்தான் வெளுத்தது, சொல்லாமல் அள்ளியவன் கடை ஜேஜே என்று நடந்தது. ஊர் இதிலிருந்து ஒரு நீதியைக் கற்றுக்கொண்டது. "பேரு எழுதுனதுதான் தப்பு டீச்சர்" என்று ஆளாளுக்கு வந்து டெல்பினிடம் சொன்னார்கள். அவள் தலையை ஆட்டினாள். அப்போதெல்லாம் யார் எதைச் சொன்னாலும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

ஒரு சிக்கல் மட்டும் இருந்தது. பூட்டிய கதவு முன்னால் வந்த எழுத்துகள், வெளியே போக வழியில்லாமல், கரையான்போல நிலையை அரித்தன. காலையில் பார்த்தால் கதவடியில் மரத்தூள் குவிந்து கிடந்தது. பெற்றோர் கூட்டம் கூட்டினார்கள். கோதண்டராமன் வெள்ளைச் சட்டையில் வந்து மேடையில் உட்கார்ந்து, குளிர்பானத்தைக் கொஞ்சமாக உறிஞ்சிவிட்டுப் பேசினார்.

"எங்க சொத்து எங்ககிட்ட வருது. நாங்க யார் மேலயும் கேஸ் போடலை. பெருந்தன்மைன்னு வச்சுக்குங்க. ஆனா வர்றதைத் தடுக்காதீங்க. கதவைச் சாத்தித் தடுக்கிறதும் குத்தம்தான். ராத்திரி ஒரு சாண் திறந்து வைங்க, அது பாட்டுக்குப் போயிடும், நான் தெருவுல இருந்து வாங்கிக்கிறேன்."

கை தட்டினார்கள். ஏன் தட்டினார்கள் என்று கேட்டால் அவர்களுக்கே தெரியாது, வெள்ளைச் சட்டைக்காரர் பேசி முடித்தால் கை தட்டுவது ஊர் வழக்கம். தீர்மானம் போட்டு, வீட்டுக்கு ஒரு செங்கல் கொடுத்தார்கள், கதவுக்கு இடையில் வைக்க. அன்றிலிருந்து வெள்ளைமணல்துறை கதவை ஒரு சாண் திறந்துவைத்துத் தூங்கியது. ஆடுகள் உள்ளே வந்து காலண்டரைத் தின்றன. பக்கத்து ஊர்த் திருடன் ஒருவன் வந்து, இத்தனை கதவும் திறந்து கிடப்பதைப் பார்த்துப் பயந்து திரும்பிவிட்டான் என்று சொல்லிச் சிரித்தார்கள். கோதண்டராமன் லாட்ஜில் அறை எடுத்துக்கொண்டு, விளக்குப் படம் போட்ட தகரப் பெட்டியை ஒரு மீன்பாடி வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு, இருட்டினால் தெருத்தெருவாகப் போனார். எழுத்துகள் வரிசையாக ஏறிப் பெட்டிக்குள் விழுகிற சத்தம் கேட்டது. மழைச்சத்தம் மாதிரி இருக்கிறது, நல்ல தூக்கம் வருகிறது என்றார்கள்.

டெல்பினுக்குத் தூக்கம் வரவில்லை. புருஷன் கிளாட்வின் ஏதோ ஒரு துறைமுகத்திலிருந்து கூப்பிட்டபோது அழுதாள்.

"ராத்திரி பூரா கதவு திறந்து கெடக்கு. அந்த ஆளு வாசல்ல நின்னு வண்டியை வச்சுக்கிட்டு உள்ள பாக்காரு. கட்டிலுக்கு அடியில அரிவாமணைய வச்சுக்கிட்டுப் படுத்திருக்கேன்."

"ஊரே திறந்து வச்சிருக்கில்லா? நீ மட்டும் சாத்துனா என்ன நினைப்பாங்க?"

"நீங்க எந்தக் கேபின்லயாவது கதவைத் திறந்து போட்டுத் தூங்குவீங்களா?"

"இங்க காத்து அடிக்கும்ட்டி" என்றான் கிளாட்வின். அவள் போனை வைத்துவிட்டாள்.

தாள்கள் எல்லாம் வெளுத்து முடிந்த பிறகு நின்றுவிடும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். நிற்கவில்லை. ஒருநாள் வகுப்பில் சந்தனமாரியின் மகள் பூரணியை எழுப்பி நத்தைப் பாடத்தைச் சொல்லச் சொன்னாள் டெல்பின். வகுப்பிலேயே முதலில் மனப்பாடம் செய்தவள் அவள். எழுந்து நின்றாள், கையைக் கட்டினாள், வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. மழை என்று சொல்லப் பார்த்தாள், வரவில்லை. முதுகு என்று சொல்லப் பார்த்தாள், வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு முக்கினாள், கண்ணில் தண்ணீர் வந்ததே ஒழிய வார்த்தை வரவில்லை. அவள் தலையணையில் ராத்திரி கறுப்பாக ஏதோ ஊர்ந்ததாகச் சந்தனமாரி பிறகு சொன்னாள். வாயிலிருந்து இறங்கிப் போயிருக்கிறது.

டெல்பின் தெருவில் கோதண்டராமனை நிறுத்திக் கேட்டாள். "சார், பிள்ளைங்க வாயிலேர்ந்துமா எடுக்கிறீங்க?"

அவர் பொறுமையாக விளக்கினார். "யோசிச்சுப் பாருங்க டீச்சர். மனப்பாடம் பண்றதும் ஒரு நகல்தானே? தாள்ல எடுத்தா என்ன, தலைக்குள்ள எடுத்தா என்ன? செட் வாங்கின பிள்ளைக்குப் போகலையே. போச்சா? போகலை. அப்ப நியாயம்தானே?"

அதற்கும் ஊர் பழகியது. இதுதான் டெல்பினுக்கு முதன்முதலாகக் கோபம் வந்த இடம், பயத்துக்கு அடியில் ஒரு கங்குமாதிரி. தாய்மார்கள் பிள்ளைகளின் தாடையைத் துணியால் கட்டித் தலைக்கு மேல் முடிச்சுப் போட்டுத் தூங்க வைத்தார்கள். அப்புறம் அதுவும் தடுப்பதில் சேரும் என்று கோதண்டராமன் சொன்னதாக யாரோ சொல்ல, துணியைக் கழற்றி, பிள்ளைகளை வாய் திறந்தபடி ஒருக்களித்துப் படுக்க வைத்தார்கள், வார்த்தை சுலபமாக இறங்க. "போனாப் போவுது, படிச்சது எப்படியும் மறக்கத்தானே செய்யும்" என்றார் மீன் ஏலக்காரர். 'மழை' போய்விட்ட பிள்ளைகள் மேகத்தைப் பார்த்தால் கையைக் காட்டி ம்ம் ம்ம் என்றார்கள், அம்மாமார்கள் துணியெடுக்க ஓடினார்கள். ஊமைச் சைகை ஒன்றும் கஷ்டமில்லை என்றும், வீடு அமைதியாக இருக்கிறது என்றும் பேசிக்கொண்டார்கள்.

டெல்பின் வீட்டில் இருந்தது வேறு கணக்கு. ஜோவிதா பேசாத பிள்ளையாக இருந்தவள். 'அப்பா' இல்லை, 'அம்மா' இல்லை, 'தண்ணீர்' இல்லை, அழுகை மட்டும். தூத்துக்குடி டாக்டர் பொறுங்கள் என்றார், பங்குச் சாமியார் பொறுங்கள் என்றார், கிளாட்வினின் அம்மா மட்டும் பொறுக்காமல் இவள் வயிற்றைக் குறை சொன்னாள். அந்தப் பிள்ளை, எழுத்துகள் புறப்படுவதற்கு முன்னால் ஒரு மத்தியானம், பீரோவில் ஒட்டிய ஜெராக்ஸ் தாளின் முன்னால் நின்று, படத்தில் விரலை வைத்து, "நத்தை" என்றது. டெல்பின் அரிசி களைந்த தண்ணீரை அப்படியே பாதத்தில் ஊற்றிக்கொண்டாள். பிறகு மழை என்றது, வீடு என்றது, வா என்றது, அம்மா என்றது. அந்தக் கதையில் நத்தையைக் கூப்பிடுகிற ஒரு குட்டி நத்தை இருக்கிறது, அது அம்மா என்று கூப்பிடும். ஜோவிதாவிடம் இருந்த வார்த்தை எல்லாம் அந்தப் பாடத்திலிருந்து வந்தவைதான். 'அம்மா' உட்பட.

அப்படியானால் அதுவும் கம்பெனிச் சொத்தா?

அந்தக் கேள்வியைத் தூக்கிக்கொண்டு மடத்துக்குப் போனாள். சிஸ்டர் எவாஞ்சலின் அறைக்குப் பக்கத்தில் புதிதாகக் கட்டிய கணினி அறையின் கதவில் குத்துவிளக்குப் படம் இருந்தது. கம்பெனி அன்பளிப்பு. இத்தனை நாள் அந்தக் கதவைக் கடந்து போயிருக்கிறாள், அன்றுதான் பார்த்தாள்.

"சிஸ்டர், உள்ளே வரலாமா?"

"வா டெல்பின். உட்காரு. உன் முகம் ஏன் இப்படி இருக்கிறது?"

"எதிர்வீட்டுப் பூரணிக்குப் போயிட்டு, இன்னும் ரெண்டு மூணு ராத்திரில எங்க வீட்டுக்கும் வந்துரும். எம் பிள்ளைக்கு இருக்கிறதே பத்து வார்த்தை சிஸ்டர். நான் திருடினதுக்கு என்னை என்ன வேணா செய்யச் சொல்லுங்க. வேலையை விட்டுர்றேன். அவளை விட்டுரச் சொல்லுங்க."

சிஸ்டர் ஜெபமாலையை மேசையில் வைத்தார். அவர் கெட்டவர் இல்லை. அதுதான் டெல்பினால் பிறகு தாங்கமுடியாமல் போனது.

"நீ திருடவில்லை" என்றார். "பாடம் நடத்துவதற்காக ஒரு ஆசிரியர் புத்தகத்திலிருந்து பிரதி எடுத்துக் கொடுத்தால் அது குற்றமில்லை. சட்டத்திலேயே அதற்கு இடம் இருக்கிறது. முழுப் புத்தகத்தை நகலெடுத்து விற்பதுதான் தப்பு. மறைமாவட்ட வக்கீல் என்னிடம் சொன்னார்."

"எப்ப சொன்னார்?"

சிஸ்டர் ஜன்னலைப் பார்த்தார்.

"எப்ப சிஸ்டர்?"

"சுற்றறிக்கை எழுதுவதற்கு முன்னால்."

வெளியே பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்கிற சத்தம் கேட்டது. பாதிப் பிள்ளைகளின் சத்தம்தான்.

"தெரிஞ்சேவா திருட்டுன்னு எழுதினீங்க?"

"கொஞ்சம் கடுமையாக எழுதினால் எல்லாரும் செட் வாங்கிவிடுவார்கள் என்று நினைத்தேன். கம்பெனியோடு நமக்கு ஒரு நல்லுறவு இருக்கிறது, பள்ளிக்கு அவர்கள் எவ்வளவோ… எழுத்துகள் இப்படிப் போகும் என்று யார் கண்டது? இனிமேல் அதை மாற்றி எழுதினால் பள்ளியின் பெயர் என்ன ஆகும், சொல். பொறுமையாக இரு. நீ நம் பிள்ளை. எப்போதும் நல்ல பிள்ளையாக இருந்தவள்."

டெல்பின் எழுந்தாள். அந்த அறையை விட்டுப் போகும்போது 'நன்றி சிஸ்டர்' சொல்லாமல் போனது வாழ்க்கையிலேயே அதுதான் முதல் தடவை. கணினி அறைக் கதவைத் தாண்டும்போது உடம்பு நடுங்கியது. பயம் என்றே முதலில் நினைத்தாள். இத்தனை வருஷமாக நடுக்கம் என்றால் பயம் என்றே அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். மடத்துக் கேட்டைத் தாண்டி, உப்புக் குவியல்களைத் தாண்டி, மீன் ஏலக்கூடத்தைத் தாண்டி நடக்க நடக்க, இது பயம் இல்லை என்று புரிந்தது. தெரிந்தே எழுதியிருக்கிறார்கள். தெரிந்தே ஒரு ஊரின் கதவைத் திறந்து வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். ஏழு வயதுப் பிள்ளையின் வாயிலிருந்து 'மழை'யை எடுத்துத் தகரப் பெட்டியில் போட்டுப் பூட்டியிருக்கிறார்கள். அந்தக் கதையை எழுதியவர் யாரோ, எங்கே இருக்கிறாரோ, அவர் பெயரைக்கூட அட்டையில் போடாதவர்கள்! இவள் தேடினாள். ஊரிலேயே அவள் ஒருத்திதான் அந்தப் பெயரைத் தேடினாள். அவளுக்குத் திருடி என்று பட்டம்.

இரண்டு மூன்று ராத்திரி என்று நினைத்திருந்தாள். அன்றைக்கே வந்துவிட்டது.

இருட்டிக் கொஞ்ச நேரத்தில் தெருமுனையில் மீன்பாடி வண்டியின் கிறீச்சு கேட்டது. பக்கத்தில், மிகப் பக்கத்தில், உப்பைப் புடைக்கிற அந்தச் சத்தம் கேட்டது. தூங்குகிற ஜோவிதாவின் திறந்த வாயிலிருந்து வந்தது. கீழுதட்டின் மேல் 'ந' ஏறி நின்றிருந்தது. தாடையில் இறங்கியது. 'த்' இறங்கியது, 'தை' இறங்கியது, 'மழை' இறங்கியது, 'வீடு' இறங்கியது, கடைசியில் 'அ' வந்து உதட்டில் தயங்கி நிற்க, பின்னால் வந்த 'ம்' அதைத் தள்ளியது. தலையணையைத் தாண்டி, கட்டில் சட்டத்தில் இறங்கி, தரையில் வரிசை போட்டுக்கொண்டு, செங்கல் வைத்த கதவை நோக்கிப் போயின.

டெல்பின் அவற்றை முந்திக்கொண்டு ஓடி, கதவைப் பிடித்தாள்.

வெளியே வண்டி நின்றது. "டீச்சர்," என்று அடங்கிய குரலில் கோதண்டராமன் கூப்பிட்டார். "சாத்தாதீங்க. உங்களுக்குச் சொல்லித் தெரியணுமா? படிச்சவங்க." சொல்லிக்கொண்டே கதவிடுக்கில், செங்கலுக்குப் பக்கத்தில், ஷூ போட்ட காலை வைத்தார்.

ராத்திரி நேரத்தில், ஆம்பளை இல்லாத வீட்டின் கதவுக்குள், ஒரு காலை.

அவளுக்குள் இருந்த நல்ல பிள்ளை அந்த இடத்தில் செத்தாள். "எடுலே காலை!" என்று கத்தினாள். தெரு முழுக்கக் கேட்டது. திறந்து கிடந்த ஒவ்வொரு கதவு வழியாகவும் உள்ளே போய்க் கேட்டது. "எது குத்தம்? பாடம் நடத்த நகல் எடுத்தா குத்தமில்லைன்னு சட்டத்துல இருக்கு! ஒனக்கும் தெரியும், மடத்துக்கும் தெரியும், தெரிஞ்சுக்கிட்டே எங்களைக் கதவைத் திறந்து போட வச்சிருக்கீங்க! சந்தனமாரி அக்கா, கேக்குதா? நாம யாரும் திருடல! பூரணி திருடல! பேரு எழுதுனது தப்பே இல்ல! சொல்லிட்டு எடுத்தேன்னுதான் எழுதுனேன், திருடுனேன்னு எழுதல!"

"டீச்சர், சத்தம் போடாதீங்க…"

அவள் செங்கலைக் குனிந்து எடுத்து, நிமிர்ந்து, அந்த ஷூவின் மேல் போட்டாள். ஐயோ என்ற சத்தத்தோடு கால் வெளியே போனது, கதவு அறைந்து சாத்திக்கொண்டது.

எழுத்துகள் வாசற்படிக்கு ஒரு விரல் இந்தப் பக்கம் நின்றன. மூடிய கதவைப் பார்த்தன. சுரண்டத் தொடங்கின.

தாழ்ப்பாளைத் தள்ளினாள். அசையவில்லை. இத்தனை நாள் போடாமல், உப்புக்காற்றில் கிடந்து, துரு ஏறி இறுகியிருந்தது. உள்ளங்கையால் அடித்தாள், தோல் கிழிந்தது. அடுக்களைக்கு ஓடி அம்மிக்குழவியைத் தூக்கிவந்தாள். ஓர் அடிக்குத் தாழ்ப்பாள் அரையங்குலம் நகர்ந்தது. வெளியே கோதண்டராமன் நொண்டிக்கொண்டு கதவைத் தட்டினார், போலீஸ் என்றார், கம்பெனி என்றார். எதிர்வீட்டில் சந்தனமாரியின் குரல் கேட்டது. "ஏ பூரணி, அந்தச் செங்கல்ல எடுத்து அந்த ஆளு வண்டி மேல எறிட்டி!" எங்கோ ஒரு கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. பிறகு இன்னொன்று.

டெல்பின் முழங்காலில் உட்கார்ந்து எழுத்துகளைப் பார்த்தாள். இரண்டாம் வகுப்பில் வரிசை கலைகிற பிள்ளைகளிடம் பேசுகிற குரலில் பேசினாள். "ஒங்களை யாரும் திருடல. சொல்லிட்டுத்தான் கூட்டிட்டு வந்தேன். எழுதியிருக்கு பாருங்க, பீரோவுல, எங் கையெழுத்துல. வேணும்னா வாசிச்சுக்குங்க."

முன்னால் நின்ற 'ந' திரும்பியது. அதற்கு எழுதியதை நம்பித்தான் பழக்கம். பீரோப் பக்கம் பார்த்தது, கதவைப் பார்த்தது, தாழ்ப்பாள் இன்னும் விழவில்லை, எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நின்றது.

கட்டிலில் ஜோவிதா எழுந்து உட்கார்ந்திருந்தாள். வாயைத் திறந்தாள், மூடினாள். அம்மா என்று கூப்பிடத்தான் அந்த வாய் குவிந்தது, வரவில்லை. பிள்ளை அம்மாவின் கையில் வழிகிற ரத்தத்தைப் பார்த்தது, குழவியைப் பார்த்தது, கதவை வெளியிலிருந்து தட்டுகிற சத்தம் வருகிற இடத்தைப் பார்த்தது, புருவத்தைச் சுருக்கியது.

"அடி" என்றது.

அந்தச் சொல் நத்தைப் பாடத்தில் இல்லை. விளக்குக் கம்பெனியின் எந்தப் பக்கத்திலிருந்தும் யாரும் அதை அவளுக்கு நகல் எடுத்துக் கொடுக்கவில்லை.

"அடி" என்றது மறுபடியும், இன்னும் கோபமாக.

டெல்பின் இரண்டு கையாலும் குழவியைத் தூக்கி அடித்தாள். தாழ்ப்பாள் துருவை உதிர்த்துக்கொண்டு கிறீச்சிட்டு, நிலையில் இருந்த துளைக்குள் கடைசி வரை போய் விழுந்தது.